நாற்பத்திரண்டாவது கச்சேரி

பாடகரின் படத்தை இரண்டாவது முறையாகத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தாள் மகள். முதல் தடவை, யாரோ தெரியாமல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். உள்ளே போய்த் துணி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அது மறுபடியும் அப்பாவின் தலைமாட்டில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோது, இது தெரியாமல் செய்தது இல்லை, துணிச்சலோடு செய்தது என்று புரிந்துவிட்டது.

"யாரு இதை வெக்கிறது?"

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். பெரும்பாலும் கடைத்தெருக்காரர்கள். அப்பா நாற்பது வருடமாகத் தராசு பழுது பார்த்தவர். எந்தக் கடையில் எந்தத் தட்டுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தவர். தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். ஆகவே வந்தவர்களில் பாதிப் பேர் துக்கம் கேட்க வந்தார்கள், மீதிப் பேர் ஆள் நிஜமாகவே போய்விட்டாரா என்று கண்ணால் பார்த்துக்கொள்ள வந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக இருக்கும்.

"நான்தாம்மா வெச்சேன்," என்று எழுந்தார் முன்வரிசை.

பாடகரின் ரசிகர் மன்றச் செயலாளர் அவர். எந்த அரங்கமானாலும் எப்படியாவது முன்வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துவிடுவதால் வந்த பெயர். சொந்தப் பெயரை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டார்கள்.

"அண்ணனுக்கு அவர்னா உயிரும்மா. தலைமாட்டுல படம் இருந்தா மனசு குளிரும்."

"நேத்து சாயங்காலம் அரங்கத்தைவிட்டு வெளிய தள்ளினப்போ இந்தக் குளிரெல்லாம் எங்க மாமா போச்சு?"

"தள்ளலைம்மா. கூட்டிட்டுப் போனாங்க."

"ரெண்டு தடியனுங்க, ஆளுக்கொரு கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கினாங்க. அப்பாவுக்குக் கால் தரையில படலை. உங்க மன்றத்துல அதுக்குப் பேரு கூட்டிட்டுப் போறதா?"

முன்வரிசை உட்கார்ந்துவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் அம்மா தலை நிமிராமல் இருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரண நாளிலேயே அவளுக்குப் பாடகர் பேச்சு ஆகாது. "உங்கப்பாவுக்கு ரெண்டு சம்சாரம். மூத்தது மேடையில நின்னு பாடுது" என்பாள்.

பொய்யில்லை. அப்பா நேரில் கேட்ட கச்சேரிகள் நாற்பத்தொன்று. எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் பாடகர் சறுக்கினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வானொலியில், கேசட்டில் கேட்பதெல்லாம் பந்தியைப் படத்தில் பார்ப்பது மாதிரி அவருக்கு. "அச்சு மாதிரி பாடறதைக் கேக்க நான் எதுக்குப் போகணும்? அந்த ஆள் மேல எட்டப் பார்த்து, எட்டாம வழுக்கி, ஒரு மூச்சு வாங்கிச் சமாளிச்சு எழுந்து நிக்கிறான் பாரு, அந்த இடத்துக்குத்தான் டிக்கெட் வாங்கறேன்." ஒரு மைதானத்தில் மின்சாரம் போய்விட, பாடகர் மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்கு நடுவே நடந்துகொண்டே மூன்று பாட்டு வெறும் தொண்டையில் பாடினாராம். தன்னைக் கடந்து போகும்போது அவர் சட்டை ஈரம் தன் கையில் பட்டதென்று அப்பா சொல்லாத வருடம் கிடையாது. அம்மா அப்போதெல்லாம் குழம்புக் கரண்டியைச் சற்று ஓங்கி வைப்பாள்.

நாற்பத்திரண்டாவது கச்சேரிக்கு நேற்று மகளும் கூடப் போயிருந்தாள். மூன்றாவது வரிசை. ஆறு வருடம் கழித்துப் பாடகர் ஊருக்கு வந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். குரலோ நாற்பது வயதுக் குரலாகக் கணீரென்று வந்தது. கூட்டம் சொக்கிப்போயிற்று. அப்பா மட்டும் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டு, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் சின்ன இடைவெளி. அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை தும்மியது. தொடர்ந்து மூன்று தும்மல். பிறகு பாடகரின் லேசான சிரிப்பு. பிறகு சரணம்.

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா தும்மினே?"

"இல்லப்பா," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நினைவு வந்துவிட்டது. தும்மியது அவள்தான். ஆனால் நேற்று இல்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால். ஏழு வயதில், மேடையை ஒட்டி அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு தும்மினாள். பாடகர் பாட்டுக்கு நடுவே சிரித்துவிட்டார். அந்தக் கச்சேரி கேசட்டாக வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார்: "என் பொண்ணு அவரோட சேர்ந்து பாடினது." நேற்று மேடையில் அந்தப் பழைய பதிவை ஓடவிட்டுப் பாடகர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒலி அமைத்தவன் பதிவைப் பளபளவென்று துடைத்துவிட்டு, தும்மலை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டான். ஆயிரத்து ஐந்நூறு பேர் இருந்த அரங்கத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டே பேருக்கு உறைத்தது.

அப்பா எழுந்து நின்றார். "ஐயா, நிறுத்துங்க. அது நீங்க பாடலை. அது என் பொண்ணு," என்றார். சுற்றியிருந்தவர்களுக்குப் பைத்தியம் பேசுவதாகத்தான் பட்டிருக்கும். முன்வரிசையிலிருந்து ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தவர் முன்வரிசைதான். "அண்ணே, தெரியும்ணே, எல்லாருக்கும் தெரியும், உக்காருங்க, மானத்தை வாங்காதீங்க" என்று காதில் சொன்னார். தெரியும் என்ற அந்த வார்த்தைதான் அப்பாவை அடித்தது. அதற்குப் பிறகு தடியர்கள் வந்தபோது அவர் திமிறக்கூட இல்லை.

காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். மகள் கடைச் சாவியை எடுக்க வந்தபோது தலை மேஜைமேல் சாய்ந்திருந்தது. தாளில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இருந்தது. அதில் 'மதிப்பிற்குரிய' என்பதை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்.

"ஒரு விஷயம்மா," முன்வரிசை மெல்ல மறுபடி எழுந்தார். "ஐயா மூணு மணிக்கு நேர்லயே வர்றாரு. மன்றத்துல செய்தி போட்டேன். ஒரே பரபரப்பு."

"என்ன செய்தி?"

அவர் கைபேசியை நீட்டினார். 'நாற்பது ஆண்டுக்கால ரசிகர், பாடலைக் கேட்டபடியே, புன்னகை மாறாமல், அரங்கத்திலேயே உயிர் நீத்தார்.'

மகள் இரண்டு தடவை படித்தாள். "எங்கப்பா கோபமா செத்தாரு மாமா. அவருக்கு மிச்சமிருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கறீங்களா?"

"நல்லவிதமா நாலு பேரு பேசட்டுமேன்னுதான்."

"யாரைப் பத்தி?"

முன்வரிசை பதில் சொல்வதற்குள் கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாடிப்படி ஏறி வந்த பாடகர் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். கழுத்தில் கம்பளித் துண்டு. கிட்டத்தில் பார்த்தால் வெறும் கிழவர். செருப்பைக் கழற்றும்போது, சுவரில் சாய்ந்திருந்த தன் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பின்னால் புகைப்படக்காரர். கடைத்தெருக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இறந்தவருக்கு எழாத ஆட்கள்.

புகைப்படக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஐயா, நெத்தியில கை வெச்ச மாதிரி ஒண்ணு. அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நிழல் விழுது."

அம்மா நகர்ந்தாள். அவள் நகர்ந்ததைப் பார்த்ததும் மகளுக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் காமிரா முன்னால் உள்ளங்கையை வைத்தாள்.

"எடுத்துக்கோங்க. ஆனா சும்மா இல்ல. ஐயா ஒரு பாட்டுப் பாடட்டும்."

"என்னம்மா இது, சாவு வீட்டுல பேரம் பேசிக்கிட்டு," என்றார் அரிசிக்கடைக்காரர்.

"நேத்து விலை வாங்கிட்டாங்க அண்ணாச்சி, சரக்கு வரலை. உங்க கடையில இப்படி நடந்தா விடுவீங்களா?"

அரிசிக்கடைக்காரர் யோசித்தார். தொழில் என்று வந்துவிட்டால் அவரும் நியாயஸ்தர்தான். "விடமாட்டேன்," என்றார்.

முன்வரிசை அவசரமாகக் கைபேசியைத் துழாவினார். "பாட்டுதானேம்மா, இதுலயே இருக்கு, போடட்டுமா?"

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை.

"எனக்குக் குரல் சரியில்லம்மா," என்றார் பாடகர். பேச்சே அறுந்து அறுந்துதான் வந்தது.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம்."

"ஐயா, வேண்டாம், விஷயம் வெளிய போயிரும்," என்றார் முன்வரிசை.

பாடகர் கையை மட்டும் காட்டினார். "மேடை விளக்கு கண்ணுல அடிக்கும். எதிர்ல யாரும் தெரியமாட்டாங்க. நேத்து இவரு தெரிஞ்சாரு. எழுந்து நின்னாரே."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"வாயை அசைச்சிட்டு இருந்தேன்."

மகள் சமையலறைக்குப் போய் அந்தத் தாளை எடுத்துவந்து நீட்டினாள். பாடகர் வாங்கி, அடிக்கப்பட்ட வார்த்தையையும் அடிக்காத வார்த்தையையும் வெகு நேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"எழுத நிறைய இருந்திருக்கும். நேரம் இல்லாமப் போச்சு."

அவர் தாளை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் கட்டிலை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். புகைப்படக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். புகைப்படக்காரர் மாடிப்படிக்குப் போய்விட்டார். பிறகு ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் பாட ஆரம்பித்தார்.

சிமெண்டுத் தரையில் தகரத்தை இழுப்பதுபோல் இருந்தது. முதல் வரி எப்படியோ கரை சேர்ந்தது. இரண்டாம் வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் தொண்டை திறந்தது, காற்று மட்டும் வந்தது. பாடகர் நின்றுவிட்டார். முன்வரிசை பழக்கத்தில் தட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"மீதி?" என்றாள் மகள்.

"வராதும்மா."

"வர்ற வரைக்கும் பாடுங்க."

"புள்ள, போதும் விடு," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவள் விடவில்லை, அந்த முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

பாடகர் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். அப்பாவின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து, சுருதியை நன்றாக இறக்கி ஆரம்பித்தார். இப்போது குரல் அவருடைய உதட்டைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. தலைக்கு மேலே கடகடவென்று சுற்றிய மின்விசிறி வரிக்குப் பாதியைத் தின்றது. அரிசிக்கடைக்காரர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

அம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வாசலோரச் சுவருக்குப் போனாள். விசிறியை அணைத்தாள். அணைத்த விரலை எடுக்காமல் அங்கேயே நின்று, இறக்கைகள் வேகம் குறைந்து ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.