புதன் தாளில் வராத செய்தி

ஜேர்மனியில் யதுசா படித்த கல்லூரியில் நூற்றுத் தொண்ணூறு மாணவர்கள்தான். தத்துவம், உயிரியல், இசை, வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பிக்கிற தனியார் கல்லூரி. "அப்ப முடிவில என்னவா வருவாய்?" என்று பீலெஃபெல்டிலிருந்து அம்மா ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்பார். யதுசா பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வருடத்திலிருந்து கல்லூரிச் செய்தித்தாள் அவள் பொறுப்பு. நான்கு பக்கம். புதன்கிழமைகளில் வரும் என்பதால் புதன் தாள் என்றே பெயர். பாடகர் குழுவின் ஒத்திகை நேரம், நூலகக் கூரை ஒழுகியது, யாரோ தொலைத்த கையுறை, வேதியியல் பேராசிரியருக்கு இரட்டைக் குழந்தை. கடைசிப் பக்கத்தில் அடுத்த கிழமைச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டு விபரத்தை வாங்கத் திங்கள் மத்தியானங்களில் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடமான மென்சாவுக்குப் போவாள். சமையலறைக்குப் பொறுப்பு ஜேசுரட்ணம். மன்னார்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், பதினாறு வருடமாக அங்கே சமைக்கிறார். கல்லூரியில் தமிழ் கதைக்க இவர்கள் இரண்டு பேர்தான். அடுத்த கிழமைச் சாப்பாட்டைச் சொல்லிவிட்டு மகள் லவினியாவைப் பற்றிச் சொல்வார். அவள் அதே ஊரில் ஒரு பல் வைத்தியரிடம் Ausbildung என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியிருந்தாள். முடிய இன்னும் இரண்டு வருடம்.

மூன்றாம் வருடம் ஒக்டோபரில் புதிய மாணவர்கள் பதினொரு பேர்தான் வந்தார்கள். அதைப் பற்றி எழுத யதுசா கல்லூரித் தலைவர் ரைண்டர்ஸ் அம்மையாரிடம் போனாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை" என்றார். "கோடையோடு மூட வேண்டி வரலாம். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டால் தப்பலாம். டிசெம்பரில் தெரியும். அதற்குள் செய்தி வெளியே போனால் அவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். கல்லூரியை நீயே மூடியது போலாகும்."

யதுசா வாக்குக் கொடுத்தாள். அந்தக் கிழமைப் புதன் தாளின் முதல் பக்கத்தில் இலையுதிர்கால நடைப்பயணம் வந்தது.

நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை ஜேசுரட்ணம் அவளை உட்காரச் சொன்னார். சாப்பாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

"பிள்ளை, ஸ்டுட்கார்ட்டில ஒரு ஆஸ்பத்திரிக் கிச்சின்ல எனக்கு வேலை வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்கிடையில முடிவு சொல்லவேணும்."

"நல்ல விசயம்தானே அண்ணை."

"என்ன நல்லது. லவினியாவின்ர படிப்பு பாதியில நிக்கும். இவவும் இங்க இப்பதான் ஒரு கிண்டர்கார்டனில நிரந்தரமானவ." இவ என்று அவர் சொன்னது மனைவி புஷ்பமலரை. "இஞ்ச வேலை இருக்குமெண்டா நான் ஏன் போறன்? ஆனா மூடப்போகினம் எண்டு ஒரு கதை அடிபடுது. நீர் பேப்பர் நடத்திறனீர். உமக்கு ஏதும் தெரியுமே?"

யதுசா மேசையைப் பார்த்தாள். தலைவர் சொன்ன டிசெம்பர் ஞாபகம் வந்தது. எப்படியும் அந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும் என்று அவள் நம்பினாள், அல்லது நம்ப விரும்பினாள்.

"அப்பிடி ஒண்டும் எனக்குத் தெரியாது அண்ணை."

"வடிவாத் தெரியுமே?"

"ஓம்."

அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். புதன்கிழமைக்கு லின்சன் பருப்பு சூப் என்று எழுதச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஸ்டுட்கார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

டிசெம்பர் எட்டாம் திகதி காலை ஒன்பதரைக்கு எல்லாருக்கும் மின்னஞ்சல் வந்தது. பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. கல்லூரி ஜூலையோடு மூடப்படும். சமையலறை பெப்ரவரி முடியும்வரைதான். அதே செய்தி ஏற்கனவே ஊர்ப் பத்திரிகையின் இணையத்தளத்திலும் இருந்தது. ரைண்டர்ஸ் அம்மையார் யதுசாவை முன்கூட்டி அழைத்துச் சொல்லியிருக்கவில்லை. அவள் அவருடைய அறைக்குப் போனாள். அவர் Termin ஒன்றில், யாரையோ சந்தித்துக்கொண்டு இருக்கிறார் என்றார்கள்.

அங்கிருந்து மென்சாவுக்குப் போனாள். ஜேசுரட்ணம் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்பயிருந்து தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்கு ஏலாமல் போனது. "ஒக்டோபர்."

 அவர் அடுத்த லீக்ஸை எடுத்து வெட்டினார்.

"அண்ணை, நான் வாக்குக் குடுத்திட்டன். பேப்பரில போடமாட்டன் எண்டு."

"நான் பேப்பருக்குக் கேக்கேல்லையே பிள்ளை. எனக்குத்தானே கேட்டனான்."

அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவும் இல்லை, ஏசவும் இல்லை. கை கழுவிவிட்டு உள்ளே குளிர் அறைக்குப் போனார். அவள் காத்திருந்தாள். அவர் திரும்பி வரவில்லை.

யதுசா ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரிக்குத் தானே தொலைபேசி எடுத்தாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, புதிதாக Antrag, விண்ணப்பம் போட்டால் வைத்திருப்போம் என்றார்கள். தலைவருக்கு எழுதினாள். சமையல்காரர்களுக்கு வேறு ஏதும் செய்ய முடியுமா என்று கேட்டாள். உன் அக்கறைக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

அடுத்த புதன் தாளில் நடந்ததை முழுக்க எழுதினாள். எனக்குத் தெரியும், மறைத்தேன், என்னை நம்பிய ஒருவர் கைக்கு வந்த வேலையை விட்டார் என்று எழுதினாள். அதை வாசிக்க அதிகம் பேர் இருக்கவில்லை. பாதிப்பேர் வேறிடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழு நின்றுபோயிருந்தது. வாசித்தவர்களில் ஒரு மாணவி மட்டும், "நீ சொல்லியிருந்தால் நானும் செப்டெம்பரில் பணம் கட்டிய விடுதியை ஒக்டோபரிலேயே விட்டிருப்பேன்" என்றாள்.

பெப்ரவரிக்குப் பிறகு ஜேசுரட்ணம் ஒரு பொதிக் களஞ்சியத்தில் சேர்ந்தார். காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வேலை, பெட்டி தூக்குவது. யதுசா அவருக்குப் பலமுறை தொலைபேசி எடுத்தாள். மார்ச்சில் ஒருநாள் புஷ்பமலர் எடுத்தார்.

"முதுகு ஏலாமல் படுத்திருக்கிறார்."

"ஒருக்கா அவரோட கதைக்கலாமே அக்கா?"

அந்தப் பக்கத்தில் யாரோ மெல்ல ஏதோ சொல்வது கேட்டது.

"வேண்டாமாம் பிள்ளை. கோவம் இல்லையாம். இனிக் கதைக்க ஒண்டும் இல்லையாம்."