வரப்பென்று படித்த கோடு

1971 ஆனி மாதம் முதல் வாரத்திலிருந்து செல்லத்தின் வயலில் தண்ணீர் நெட்டுக்குத்தாக நின்றது. அதே வாரம் தீவுக்கு வரவேண்டிய மெட்ராஸ் கப்பல் நான்கு நாள் தாமதம். ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

எல்லாம், குடியேற வந்தவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் டெலானிபூர் ஆபீஸின் கிளார்க் ஜம்புலிங்கம் செய்த வேலை. மனுஷன் தஞ்சாவூர்க்காரர், மேடு என்று ஒன்றைப் பார்க்காமலே வளர்ந்தவர். சர்வே வரைபடத்தில் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போவதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடடா, வரப்பு!" என்றார். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கிற கோடு அது, கோடுகள் நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கிற ஆளில்லை. 60, 80, 100 என்று போட்டிருந்த உயரங்களை வயல் நம்பராக எடுத்துக்கொண்டார். வரப்பு நெருங்கின இடம்தான் நல்ல நஞ்சை என்று முடிவுகட்டினார். கோடே இல்லாத சமவெளியைத் தரிசு என்று தள்ளி, ஆபீஸர்களுக்கு வாலிபால் கோர்ட் போடக் கொடுத்துவிட்டார்.

செல்லம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் புருஷனைப் புதைத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து இறங்கியவள். அவள்மேல் இரக்கப்பட்டு, இருப்பதிலேயே நெருக்கமான கோடுகளை அவள் பேருக்கு எழுதினார் ஜம்புலிங்கம். கராச்சர்மா ஊருக்கு அப்பால் போய்ப் பார்த்தால், அது பாறைச் சுவர். ஆனால் உத்தரவில் நஞ்சை என்று சீல் குத்தியிருந்தது. ஒரு போகம் விளைத்துக் காட்டினால் பட்டா. இல்லாவிட்டால் மறுபடி கடல் தாண்டி மெயின்லேண்ட், அகதி முகாம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் கால் வைத்தாள். கால் நின்றது. மழை வந்தது, தண்ணீரும் நின்றது. கீழிருந்து பார்த்தவர்களுக்கு, சுவரில் அடித்த ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு அவள் களை பறிப்பது தெரிந்தது. பயிரைப் பார்த்து வயிறெரிந்த பதினாலு பேர், எங்களுக்கும் நெருங்கின கோடு வேண்டும் என்று மனுப் போட்டார்கள்.

மனுவால் வந்தது வம்பு. வரைபடம் படிப்பதில் முறையாகப் பரீட்சை எழுதித் தேறிய ஆபீஸர் ஜெகநாதன் அறுப்பு நாளில் வந்து சேர்ந்தார். வெட்டின கதிர்க்கட்டு சுமக்க ஆள் இல்லாமல் தானாகவே களத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அரே பாபா! இது வரப்பு இல்லய்யா, பாறை. இதுல நெல்லு விளையாது."

"விளைஞ்சிருக்கே சாப்," என்றார் ஜம்புலிங்கம் பவ்யமாக.

ஜெகநாதன் மூன்று தடவை ஏறி மூன்று தடவை சறுக்கி விழுந்தார். படித்த படிப்பு அவரை நிற்க விடவில்லை. பேன்ட் கிழிந்த ஆத்திரத்தில் நிலம் ரத்து என்று எழுதப் பேனாவைத் திறந்தார். செல்லம் அரிவாளோடு இறங்கி வந்தாள்.

"தொரை, எங்க சனமெல்லாம் ஊரான் மலையில ஏறி எறங்கியே செத்துப்போச்சுங்க. எனக்கு இந்த ஒரு மலைய மட்டும் சமமின்னு எழுதிக் குடுங்க. தூக்கிக்கிட்டா ஓடிறப் போறேன்?"

பாறை என்று எழுதினால் நெல்லுக்கு மூன்று பிரதியில் விளக்கம் எழுத வேண்டும். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அவள் கால்களை ஒரு தடவை குனிந்து பார்த்ததும் நிஜம். சமதரை, நஞ்சை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் பட்டா வந்தது. செல்லம் அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு வயலின் நடுவே போய், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பகலில் காலை நீட்டிப் படுத்தாள். கீழே ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாவம், இன்னிக்காவது ஒக்காரக் கூடாதா? நின்னுக்கிட்டே இருக்கா" என்று அங்கலாய்த்தார்கள்.