இரண்டு கூண்டு, ஒரே எடை

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த வேலுமணி படுக்கவில்லை. ஆறாவது வாரம், கோழிக்குஞ்சுகளை எடை போட்டாக வேண்டும்.

குவார்ட்டர்ஸ் பின்புறத்தில் இரண்டு கூண்டுகள். இரண்டிலும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஐந்து ஐந்தாக. இடது கூண்டின் தீவனத்தில் மட்டும் முருங்கை இலைப் பொடியும் பூண்டும் கலக்க ஏற்பாடு. அதனால் குஞ்சு வேகமாக வளர்கிறதென்று காட்டிவிட்டால், மனைவி பார்வதியின் அண்ணன் தன் ஊரான வடக்குத்தில் பண்ணை வைக்க இடம் தருவார். சுரங்க வேலையை விட்டுவிடலாம்.

ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தான். இரண்டு கூண்டும் ஒரே எடை.

"பொடியில ஒண்ணுமில்ல பார்வதி. இனிமே சாகறவரைக்கும் ஷிப்ட்தான்."

"யாரு சொன்னா? பத்தும் கொழுகொழுன்னுதானே இருக்கு?"

"அஞ்சுக்குத்தானே பொடி?"

"மத்த அஞ்சும் கம்பி வழியா எட்டி எட்டிப் பார்க்குதுங்க. அதுங்களுக்கு வைக்காம எப்படி? முதல் நாள்லேருந்தே போடுறேன்."

வேலுமணிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"பக்கத்து வீட்டு சாமியம்மாவும் இதே குஞ்சுதானே வாங்கினாங்க? அதையாவது நிறுத்துப் பார்க்கிறேன்."

பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்களுக்கும் ஒரு டப்பா பொடி குடுத்தேன். எதிர் வீட்டுலயும் கேட்டாங்க."

தராசைக் கழற்றிச் சாக்கில் சுற்றினான்.

"உங்க அண்ணனுக்கு எழுது. புதுக் குஞ்சு வாங்கி, இன்னும் ஆறு வாரம் ஆகும்னு. இனிமே பொடிய நானே கலக்கறேன், டப்பாவைப் பெட்டியில வெச்சுப் பூட்டு."

"சாவி?"

"நான் சுரங்கத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."