ஆகாயக்கப்பலின் குண்டு

நாவலப்பிட்டிப் பக்கத்துப் பங்களா ஏலத்தில் எடுத்த பித்தளைச் சாமான்களை ஹுஸைன் கடையின் பின்னறையில் கொட்டினான். மரக்கட்டையொன்றில் நிறுத்திப் பொருத்திய சின்ன இரும்புக் குண்டொன்று சரிந்து விழுந்தது. அவன் மனைவி அனீஸா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொரு குண்டா? நானா கண்டா திரும்பவும் கத்துவார்" என்றான் ஹுஸைன். கண்டியில் அவனுடைய பழஞ்சாமான் கடை பெயர் பெற்றது. மனைவியின் குண்டு அலுமாரி அதைவிட.

சண்டைக்குப் போய் வந்த துரைமார் மேசையில் வைத்திருந்த, வெடிமருந்து நீக்கிய வெற்றுக் குண்டுகள்தான் அதில் எல்லாம். ஒன்று மட்டும் அவள் தம்பி ஜவாஹிருடையது. கப்பலில் கரி அள்ளிப்போடப் போனவன் அவன். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில், பிரான்சுத் துறைமுகமொன்றில், தாழப் பறந்து வந்த ஏரோப்பிளேன், ஊரார் சொல்லும் ஆகாயக்கப்பல், பீரங்கியால் சுட்டதில் கால் போயிற்று. பக்கத்தில் வெடிக்காமல் கிடந்த குண்டொன்றைச் சிப்பாய் ஒருவன் வெறுமையாக்கி அவனிடம் கொடுத்திருந்தான். நொண்டிக்கொண்டு ஊர் வந்தவன் இந்தக் கடையில் வைத்து அதைச் சொன்னபோது, ஹுஸைனின் மூத்த சகோதரர் ஸெய்னுலாப்தீன் நானா சிரித்தார்.

"ஆகாயக்கப்பல் பீரங்கியத் தூக்குமா? பாரத்துக்கே கீழ விழுந்துருமே. எங்கயோ களவுக்குப் போய் அடிபட்டு வந்தீக்கான்."

தெருவும் சேர்ந்து சிரித்தது. பீரங்கி ஜவாஹிர் என்று பெயரும் வைத்தது. அவன் குண்டை ராத்தாவிடம் விட்டுவிட்டுக் கடுகண்ணாவையில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான். பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அனீஸா தேடத் தொடங்கினாள். அவன் வைத்திருந்ததைப் போன்ற இன்னொன்று அவள் கைக்கு வரவேயில்லை, இன்றுவரை.

மாணிக்கக்கல் அளக்கும் கவ்வியை எடுத்து, இப்போது வந்ததையும் தம்பியுடையதையும் அளந்தாள். ஒரே பருமன். இரண்டின் இடுப்பிலும் செம்புப் பட்டி. சுட்ட குழல் அந்தச் செம்பில் கீறிய சாய்ந்த தடங்களும் ஒன்றே. துப்பாக்கிச் சன்னத்துக்குப் பெரிது, பீரங்கிக் குண்டுக்குச் சிறிது. இந்தச் சின்ன உடம்புக்குள் மருந்து அடைக்கக் கூடாதென்று ராஜாங்கங்கள் கூடித் தடை போட்டிருந்ததாக ஹுஸைன் ஒரு துரையிடம் கேட்டு வந்து சொல்லியிருந்தான். தடையை மீறி யார் செய்திருப்பார்கள்? பாரம் தூக்க முடியாதவர்கள்தான். பறக்கிறவர்கள்.

"இந்தக் கட்டை என்ன மரம்? பலகைக்கு மேல பலகை ஒட்டீக்கே?"

"அந்தப் பங்களாத் தொரை சண்டையில ஏரோப்பிளேன் ஓட்டினவராம். ஆகாயத்துல இன்னொரு ஏரோப்பிளேன் சுட்ட குண்டு செறகுல மாட்டிட்டாம். அந்தக் கட்ட, ஏரோப்பிளேன் மூக்குல சுத்துற காத்தாடி ஒடஞ்சதுல வெட்டினதுன்னு அங்க சமையல் வேல செஞ்ச அப்பு சொன்னார்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த ஜவாஹிரைப் பின்னறைக்குக் கூப்பிட்டு இரண்டையும் முன்னால் வைத்தாள். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவன் தொடவேயில்லை.

"ராத்தா, நான் சொன்னது அப்பவே உண்மைதானே? இது வந்தாத்தான் உண்மையாகுமா? நீங்களும் நம்பல்லயா?"

அனீஸா குண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எத்தனை பங்களாச் சாமான்களைக் கிளறியிருப்பாள். ஒரு தடவைகூட இவனைக் கேட்டதில்லை, உனக்கு இது வேணுமா என்று.

"நம்பினதாலதான்டா தேடினேன். இது ஒனக்கில்ல. சிரிச்சவங்களுக்கு."

அவன் எழுந்து வெளியே போனான். அவள் இரண்டு குண்டுகளையும் எடுத்துக்கொண்டு முன்கடைக்கு நடந்தாள். ஹுஸைன் குறுக்கே வந்தான்.

"தெருவால ஆம்புளயள் போற நேரம். நீ உள்ள போ."

"தெரு சிரிச்ச நேரம் நான் உள்ளதான் நிண்டேன். வழிவிடுங்க."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு விலகினான். கண்ணாடிப் பெட்டியிலிருந்த வெள்ளித் தட்டுகளை ஒதுக்கி, நடுவில், தெருவைப் பார்க்க இரண்டையும் வைத்தாள். உள்ளே போகவில்லை.

மழை பிடித்தது. பள்ளிவாசலிலிருந்து வீடு திரும்பியவர்கள் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். ஸெய்னுலாப்தீனும் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார். அங்கே ஏற்கெனவே தூணில் சாய்ந்தபடி ஜவாஹிர்.

யாரோ கண்ணாடியருகே குனிந்தார்கள். "இது என்ன சாமான், மொதலாளி?"

ஹுஸைன் தன் நானாவின் முகத்தைப் பார்த்தான். அவன் வாய் திறப்பதற்குள் அனீஸா சொன்னாள்.

"ஆகாயக்கப்பல் பீரங்கியிட குண்டு. ஒண்டு ஏரோப்பிளேன் செறகுல பட்டது. மத்தது என்ட தம்பிக்குப் பக்கத்துல விழுந்தது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸெய்னுலாப்தீன் மடக்கிய குடையை விரிக்கப் பார்த்தார், கம்பி சிக்கிக்கொண்டது. எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜவாஹிர் மட்டும் கழுத்தை அண்ணாந்து மழை இறங்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.