பாடு நாளில் ஒரு கூப்பாடு

தொழிலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. ஏரி நடுவிலிருக்கும் பசியாவரத்தில் இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. தேவகி சொன்னாள், அந்த வீட்டுக்கு அது போதும். அதிலும் பாடு நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஏரியில் இறால் நன்றாக விழும் இடத்தில் முறை வைத்துத்தான் வலை கட்ட முடியும். அந்த முறைக்குப் பேர் பாடு. தவறவிட்டவன் அடுத்த சுற்று வரை கரையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அன்று தேவகியின் மகன் தினகரனுக்குப் பாடு.

மருமகள் சுபஸ்ரீக்கு விடிந்ததிலிருந்தே மண்டையைப் பிளக்கும் வலி. எட்டு மாதம். போன முறை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்று, பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு தும்மல் வந்தாலும் அவளுக்குப் பயம். பயந்தாலும் வாய் திறக்க மாட்டாள்.

நர்ஸ் எலிசபெத் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார். சாப்பாட்டோடு போடணும், இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, உடம்பில் சுண்ணாம்பு குறைந்தால் பிரஷர் ஏறும் ஆபத்து கூடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். தேவகி சிரித்தாள். மீன் தின்று வளர்ந்த உடம்புக்குச் சுண்ணாம்பு மாத்திரையா, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இருக்கிறதே என்றாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல மீனெல்லாம் பழவேற்காட்டு ஏலத்துக்குப் போய்விடும். வீட்டுச் சட்டியில் கொதிப்பது புளித்தண்ணியும் துண்டுக் கருவாடும். பாலும் கீரையும் படகேறி வந்தால் உண்டு. இதெல்லாம் தெரிந்தும், வம்பு எதற்கென்று சுபஸ்ரீ மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வாயில்லாப் பூச்சியாக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

கால் வீங்கி மெட்டி இறுகியபோது, ஐஸில் நின்று இறால் பிரித்ததால் வந்தது என்றாள் தேவகி. முகம் வீங்கியபோது தூக்கம் என்றாள். இன்றைக்குக் கண் முன்னால் பொறிபொறியாய் மின்னியது. ஏரித் தண்ணீரில் வெயில் அடித்தால் யாருக்கும் அப்படித்தான் மின்னும் என்று சுபஸ்ரீ தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கண்ணையும் மூடிப் பார்த்தாள். இருட்டிலும் மின்னியது.

வயிற்றில் கை வைத்தாள். அசைவில்லை. தினகரன் அப்போதுதான் படகைத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். போனில் கூப்பிட்டால் அது பின்னாலிருந்து கூப்பிட்டதாகுமா, ஆகாதா? அவன் திரும்பி வந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் பாடும் போகும், அவள் பேரும் போகும். கூப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“அத்தே, இருட்டுலயும் கண்ணு மின்னுது. காத்தால இருந்து புள்ள அசையல.”

தேவகி வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாள். போனில் நர்ஸைப் பிடித்தாள். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள், பழவேற்காட்டுக் கரையில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார் எலிசபெத். கரைக்குப் போவது எப்படி? பாலம் இன்னும் வெறும் தூணாகத்தான் நின்றது. ஊர்ப் படகெல்லாம் தொழிலுக்குக் கிளம்பியாயிற்று. தினகரனுக்கு அடித்தாள். நனையாமல் பையில் சுற்றிவைத்த போனின் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

தேவகி போனை வீசிவிட்டு ஓடினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, போய்க்கொண்டிருந்த படகின் முதுகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“டேய் தினகரா, திரும்புடா!”

ஊரே வெளியே வந்து பார்த்தது. பாடு நாளில் கத்துவது தேவகியா என்று யாருக்கும் நம்ப முடியவில்லை. மறுபடி கத்தினாள். படகு திரும்பியது.

சுபஸ்ரீயை ஏற்றிக்கொண்டு தினகரன் பழவேற்காட்டுக் கரைக்குப் படகை விரட்டினான். தேவகி மருமகளின் வீங்கிய காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை இருந்ததைச் சுபஸ்ரீ முனகலாகச் சொன்னபோது, தேவகிக்கு முதல் தடவையாகத் தன் வாயை நினைத்துப் பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்ததுமே டாக்டரம்மா நர்ஸுகளை அவசரப்படுத்தினார். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு உப்புதான் என்றார்கள். உப்புத் தண்ணீரிலேயே காலம் தள்ளிய தேவகிக்கு, ஒரு உப்பு உயிரைப் பிடித்து வைக்கும் என்பது புதுச் செய்தி. குழந்தையின் இதயம் துடிப்பது மெல்லக் கேட்டது. உடனே அறுவை என்று உள்ளே கொண்டுபோனார்கள். அந்தக் கதவுக்கு வெளியே தேவகி உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பெண் குழந்தை. கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் அழுதது. பிரஷர் இறங்கும் வரை தாயைக் கண்காணிக்க வேண்டும் என்றாலும், சுபஸ்ரீ கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

தினகரனுக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது. ஈரச் சட்டையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “பாட்டுக்குப் போனவனைப் பின்னால கூப்ட்டியேம்மா” என்றான், சிரிப்பும் அழுகையுமாக.

தேவகி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னை எவன்டா கூப்ட்டான்? போவப் பாத்தாளுங்களே ரெண்டு பேரு, அவளுங்களைக் கூப்ட்டேன். திரும்பிட்டாளுங்க.”