முக்காடு போட்ட டி.வி.

தானியேல் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் தானியேலுக்கு, வாயை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்த ஒரே காரியம் ஒயர் பற்றவைப்பதுதான்; அதுவும் ஈயப்புகை தொண்டைக்குள் போகும் என்பதால்.

வாரம் ஒரு கதையாக டி.வி. சீரியல் எடுக்க மெட்ராஸிலிருந்து வந்த டைரக்டர், ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் டீக்கடையில் உட்கார்ந்து, "இங்கே வெள்ளைத் துணி மட்டும் கட்டிக்கிட்டு, நகை போடாம, சினிமா பாக்காம ஒரு சபை இருக்காமே?" என்று விசாரித்தார்.

"நான் அங்கன பொறந்து வளந்தவன்லா சார்!" என்று பெஞ்சை இழுத்துப் போட்டான் தானியேல்.

இரண்டு டீயும் ஓர் உளுந்தவடையும் முடிவதற்குள், சின்ன வயதில் ஜெபத்தில் சிரித்ததற்குத் தண்டனையாக ஒரே ஒரு வேளை உப்பில்லாக் கஞ்சி குடித்த கதைவரை வந்துவிட்டான். அண்ணாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சிரிப்புக்கதை கேட்டு எழுதிக்கொள்கிறவனைக் கண்டால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று தானியேலுக்கு அப்போது தெரியாது.

ஆறு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. கடையில் ரிப்பேருக்கு வந்த டி.வி.க்கள் எல்லாவற்றிலும் அவனுடைய வாய் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் பச்சையாக, ஒன்றில் கோடுகோடாக, ஒன்றில் தலைகீழாக. வெள்ளைச் சேலை கட்டிய கதாநாயகி இருட்டு அறையில் அழுதாள். தாடி வைத்த மூப்பர் ஒருவர் சாட்டையோடு வந்தார். அந்தச் சபையில் யாரும் சாதாரணமாக நடக்கவில்லை. மெழுகுவர்த்தி பிடித்தபடி மிதந்தார்கள். ஜெபத்தில் சிரித்த குற்றத்துக்குக் கதாநாயகிக்கு உப்பில்லாக் கஞ்சி, அதுவும் நாள் கணக்கில். கடைசியில் அவள் தம்பி பூட்டை உடைத்து அவளைக் காப்பாற்றினான்.

அந்தத் தம்பிதான் தானியேலைக் குத்தினான். தானியேலுக்கும் ஓர் அக்கா உண்டு. சாலோமி. இன்னமும் சபையில்தான் இருக்கிறாள், அங்கே சமையல்கட்டு அவள் ராஜ்யம். இருபத்திரண்டு வயதில், ரேடியோ பைத்தியம் முற்றி அவன் சபையை விட்டுக் கிளம்பிய அன்று, "வாரியா அக்கா?" என்று கேட்டான். "கர்த்தருக்குச் சித்தம்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, வரமுடியவில்லை என்று அர்த்தமா? அவனும் பூட்டு எதையும் உடைக்கவில்லை. சைக்கிள் பூட்டை மட்டும் திறந்துகொண்டு போய்விட்டான். அப்புறம் எப்போது பார்த்தாலும், "நல்லாத்தான் இருக்கியா?" என்று கேட்பான். "சாப்பிட்டியா?" என்பாள். அக்காளை விட்டுவிட்டு ஓடிவந்தவனா தான் என்பது பல வருஷமாக ரிப்பேர் ஆகாமல் அவனுக்குள் கிடந்தது.

"என்னவே, உம்ம அக்காளைப் பூட்டியா வச்சிருக்கானுவ?" என்றார் ஐயம்பெருமாள் அண்ணாச்சி. தானியேல் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்கு நடந்தான்.

அந்த வாரமே சபை மூப்பர் சுவிசேஷமுத்து கடைக்கு வந்தார். தாடி கிடையாது. சாட்டையும் கிடையாது, கையில் காய்கறிப் பை.

"மார்க்கெட்ல உப்பு வாங்கப் போன நம்ம சகோதரிமாருக்கு, கடைக்காரம்மா ஒரு கை கூடப் போட்டு, 'ஒளிச்சு வச்சுக்கோங்க'ன்னு அழுதுச்சாம். டி.வி.ல என்னமோ வந்துதாம்லா? அது என்னன்னு எங்களுக்குத் தெரியணும்."

"டி.வி. பாக்கது பாவம்லா மூப்பரே?"

"பாக்கதுதான் பாவம். கேக்கலாம். ரேடியோவில பிரசங்கம் கேக்கோம்லா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே கதை மறுஒளிபரப்பு. ஆராதனையும் சாப்பாடும் முடிந்த கையோடு, தானியேல் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து கேபிள் ஒயர் இழுத்து, சபைக்கூடத்தில் டி.வி.யை வைத்தான். மூப்பர் சலவை செய்த வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். முக்காடு சரியாக விழுந்திருக்கிறதா என்று நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்கார்ந்தார்கள். சத்தம் கூட்டக் குறைக்க தானியேல் பக்கத்தில் நின்றான், கல்யாணப் பெண்ணுக்குத் தோழன் மாதிரி.

கதவு கிறீச்சிட்டது. வயலின் அழுதது. சாட்டை விளாசியது. "உனக்கு இனி உப்பே கிடையாது!" என்று ஒரு குரல் கர்ஜித்தது. தானியேலுக்குச் சட்டை நனைந்துவிட்டது. நடுவில் சோப்பு விளம்பரப் பாட்டு வந்தபோது, பெரியவர் ஒருவர் சபைப் பாட்டுக்குத் தட்டுகிற பழக்கத்தில் தாளம் தட்டிவிட்டு, சட்டென்று கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

கதை முடிந்தது. வசமாக மாட்டினோம் என்று தானியேல் வாசலைப் பார்த்தான்.

பெண்கள் பக்கம் இருந்த தேவமணி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "யாரு பெத்த பிள்ளையோ! எந்த ஊரு சபை மூப்பரே இது?"

"நம்ம சபைன்னுல்லா ஊர்ல சொல்லுதாங்க" என்றார் மூப்பர்.

"நம்ம சபையா? அப்பம் பாட்டு எங்க? இம்புட்டு நேரத்துல அந்தச் சோப்புப் பாட்டத் தவிர ஒரு பாட்டு கேக்கலியே."

"ஒருத்தரும் சிரிக்கக்கூட இல்ல" என்றது இன்னொரு குரல்.

"ஏனம் பானை உருளுத சத்தமும் இல்ல. இங்கன எந்நேரமும் சமையல்கட்டுல உருளும்லா."

மூப்பர் யோசித்தார். "அப்பம் வேற எவங்களோதான். ஊர்க்காரங்க வெள்ளைத் துணியைப் பாத்து ஏமாந்துட்டாங்க. பாவம், அந்த ஜனங்க ரொம்பக் கஷ்டத்துல இருக்காங்க. முழங்கால் போடுங்க. அந்தப் பிள்ளைக்காக ஜெபிப்போம்."

அத்தனை பேரும் முழங்காலிட்டார்கள். மெட்ராஸில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் கிளிசரின் போட்டு அழுத பெண்ணுக்காக, பாளையங்கோட்டையில் நிஜக் கண்ணீர் வடிந்தது. அந்தச் சாட்டைக்காரனுக்கும் நல்ல மனசு கொடுக்கச் சொல்லி ஒருவர் மன்றாடினார். அப்புறம் பாட்டு. ஓடுகள் அதிர்ந்தன. டி.வி. போட்டிருந்த முக்காடே நடுங்கியது. தானியேல் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான், வந்தது பாட்டின் அடுத்த அடி. இவர்களோடு ஒரு காலத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவன் நான் என்று யாரிடமாவது சொல்லவேண்டும் போல நெஞ்சு நிமிர்ந்தது. சொல்லத்தான் ஆளில்லை, அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். கிணற்றடியில் சாலோமி சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"அந்த உப்பில்லாக் கஞ்சி நீ சொன்னதுதான?"

"ஆமாக்கா."

"அப்பாவுக்குத் தெரியாம நான் நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டாந்து குடுத்தம்லா? அதைச் சொல்லலியாக்கும்?"

"சொன்னேன். டைரக்டர்தான் அது சீனுக்கு உதவாதுன்னுட்டான்."

"கிறுக்குப்பய" என்றாள் சாலோமி. "கதையில அதுதானலே ருசி." சிரித்தாள். கிணறு திரும்பச் சிரித்தது. பிறகு வழக்கம்போல, "சாப்பிட்டியா?" என்றாள்.

"அதைக் கேக்காத. கர்த்தருக்குச் சித்தம்னும் சொல்லாத" என்று தானியேல் ஒயரைக் கீழே போட்டான். "நேரா ஒரு பதில் சொல்லு. நான் போன அன்னைக்கு ஏன் கூட வரல? அப்பாவுக்குப் பயந்தா? நான் இன்னும் ஒரு வாட்டி கூப்பிட்டிருக்கணுமா?"

சாலோமி தேங்காய்நாரைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"நீ நூறு வாட்டி கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டேன். யாருக்கும் பயந்து இல்ல. எனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருந்துது. இப்பவும் பிடிச்சிருக்குலே."