நல்வரவு எழுதிய வளைவு

சென்னையிலிருந்து வந்து இறங்கிய சனிக்கிழமை மாலையே, மாநில சைக்கிள் சங்கத்தின் பார்வையாளர் தியாகராசன் தம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். டெல்டாவில் சாலைப் பந்தயம் ஒன்று ஒழுங்காக நடந்து முடிவதைத் தம் கண்ணால் பார்த்தால், இந்த ஆண்டிலிருந்தே அதை மாநில அட்டவணையில் சேர்க்கும்படி எழுதுவார். பார்க்காவிட்டால், அடுத்த பத்தாண்டுக்கு யாரும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

அந்தக் கண்டிப்பு ஜெயபாரதிக்குப் பிடித்திருந்தது. நாற்பது வயதைக் கடந்த பிறகு, அரசு வேலைக்கு நடுவே, மாவட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை அவள் ஏற்றதே இந்த ஒரு பந்தயத்துக்காகத்தான். அவள் ஓட்டிய காலத்தில், பந்தயம் என்றால் புனேவுக்கோ பிகானேருக்கோ ரயிலேற வேண்டும். சொந்த மண்ணில் ஒருமுறைகூடப் போட்டியிடாமலேயே அவளுடைய கால்களின் நல்ல ஆண்டுகள் கழிந்துபோயின. இப்போது சான்ட்ரா இருந்தாள். தரங்கம்பாடி மீனவர் ரெமிஜியஸின் மகள்; பத்தொன்பது வயது; எதிர்காற்று அடிக்கும்போது மற்றவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்க, தானாக முன்னால் போய் நிற்பவள். பந்தயம் அட்டவணையில் ஏறிவிட்டால், தேர்வாளர்கள் இங்கே வருவார்கள்; சான்ட்ராவைப் பார்ப்பார்கள்; அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வருவார்கள். புத்தாண்டு பிறந்ததிலிருந்து ஜெயபாரதி வேறெதையும் நினைக்கவில்லை.

தடை என்று இருந்தது நெல் ஒன்றுதான். முன்னதாக நட்ட வயல்களில் சம்பா அறுவடை தொடங்கியிருந்தது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்; ஆகவே தார்ச்சாலையே எல்லாருக்கும் களமாகிவிடும். பாதிச் சாலையில் நெல், அதன் விளிம்பில் வண்டி ஏறாதபடி காவலுக்குக் கருங்கல். தஞ்சையில் தொடங்கி நன்னிலம் வழியாக வேளாங்கண்ணியில் முடியும் வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் அவள் முன்கூட்டியே நேரில் போய்ப் பேசியிருந்தாள். நன்னிலத்துக்குச் சற்று முன்னாலிருந்த புதுக்குளத்தூரில், குத்தகைக்குப் பயிரிடும் ராஜாத்தி அவளை நிற்கவைத்துக் கேட்டாள்.

“சைக்கிளா? இங்க எல்லாரும் சைக்கிளை எடைக்குப் போட்டுட்டு வண்டி வாங்கிட்டாங்க. நீங்க இப்பத்தான் சைக்கிளுக்கே வந்திருக்கீங்களாக்கும்!”

“இது பந்தய சைக்கிள், அக்கா. பொம்பளப் பிள்ளைங்க ஓட்டுறது. மணிக்கு நாப்பது கிலோமீட்டர் வேகத்துல வருவாங்க.”

“நாப்பதா? நம்ம டவுன் பஸ்ஸு அந்த வேகத்துல போயி நான் பாத்ததே இல்லியே!”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ராஜாத்தி சிரிக்கவில்லை. “ஒருநாள் வெயில் போச்சுன்னா என் நெல்லு கருத்துப் போயிடும். அதுக்கு உங்க பிள்ளைங்க வந்து பதில் சொல்லுமா?”

“காலையில கொஞ்ச நேரந்தான், அக்கா. அவங்க கடந்து போனதும் ரோடு உங்களோடது. நானே வந்து நெல்லை வாரி விடுறேன்.”

“நீங்களா? கையைப் பாத்தா பேனா பிடிக்கிற கையாட்டம்ல இருக்கு.” பிறகு அவளுடைய பார்வை ஜெயபாரதியின் கெண்டைக்காலுக்கு இறங்கியது, பழைய தழும்புகள் அங்கே வெளுத்துக் கிடந்தன. “காலு வேற மாதிரி சொல்லுது. சரி, போங்க. பொம்பளப் பிள்ளைங்கன்னு சொல்லிட்டீங்க. ஒத்த நெல்லு ரோட்டுல கெடக்காது. நான் பாத்துக்குறேன்.”

ஞாயிறு விடியலில் பந்தயம் புறப்பட்டது. ஓட்டுபவர்களுக்கு முன்னால் வழி பார்த்துப் போகும் ஜீப்பில் ஜெயபாரதி அமர்ந்திருந்தாள். மடியில் வயர்லெஸ் கருவி. பின்னால் வரும் நடுவர் காருக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னால், நடுவர் பந்தயத்தை நிறுத்திவிடலாம். கும்பகோணம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. மாடுகள் ஓரமாகக் கட்டப்பட்டிருந்தன. பேருந்துகள் ஒதுங்கி நின்றன. எந்த ஊரிலும் சாலையில் நெல் இல்லை. நடுவர் காரில் வந்த தியாகராசன், “நல்லா இருக்கு மேடம், ரொம்ப நல்லா இருக்கு” என்று வயர்லெஸ்ஸில் இரண்டு முறை சொன்னார். அந்தக் குரலைக் கேட்டபோது, வருகிற ஆண்டுகள் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்து நின்றன: அடுத்த தையில் ஐம்பது பேர், அதற்கடுத்த தையில் பிற மாநிலத்துப் பெண்கள்.

புதுக்குளத்தூர் வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியதும் ஓட்டுநர் காதர் மைதீன் வேகத்தைக் குறைத்தார். “மேடம், அங்க பாருங்க. எம்.எல்.ஏ. வந்தாக்கூட இந்த மரியாதை கிடைக்காது.”

பாலத்திலிருந்து இறங்கும் சாலை இடப்பக்கமாக வளையும் இடத்தில், புளியமர நிழலில், நடுச்சாலையை நிறைத்துக்கொண்டு ஒரு கோலம் கிடந்தது. மார்கழியில் போடுவதுபோல் தெருவே கூடிப் போட்ட பெரிய கோலம். அதன் நடுவே நீலப் பொடியில் ‘நல்வரவு’ என்று எழுதியிருந்தார்கள். நெல்லை வாரி, கற்களை அகற்றி, சாலையைக் கூட்டியதோடு அந்தப் பெண்களுக்கு மனம் நிறையவில்லை. மாதா தேர் வந்தாலும், அம்மன் புறப்பாடு வந்தாலும், வருகிற வழியை வெறுமையாக விடுகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. சாணம் கரைத்து, சாலையின் விளிம்புவரை தெளித்திருந்தார்கள்; ஓரங்களில் அது இன்னும் காயவில்லை. பெண்கள் இருபுறமும் வரிசையாக நின்றார்கள். ராஜாத்தி புதுப்புடவை கட்டியிருந்தாள்.

“கோலத்து மேல ஏத்தவா மேடம்?”

“ஐயோ, வேண்டாம் பாய். கலைச்சிடாதீங்க. ஓரமாப் போங்க.”

காதர் மைதீன் ஓரமாக ஒடித்தார். ஜீப்பின் பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கி, மறுபடி பிடித்துக்கொண்டது. அதை ஜெயபாரதி உணர்ந்தாள். உணர்ந்தும், அவளுடைய கை வயர்லெஸ்ஸைத் தேடவில்லை. கதவுக்கு வெளியே நீண்டு அந்தப் பெண்களுக்கு ஆடியது. முப்பது ஆண்டுகளாகச் சாலையையே பார்த்துப் பழகிய கண்கள், அந்த ஒரு வளைவில் சாலையைப் பார்க்கவில்லை.

முதலில் அவள் கேட்டது பெண்களின் குலவைச் சத்தம். அது பாதியில் அறுந்தது.

திரும்பிப் பார்த்தபோது, முன்னணியில் வந்த ஏழு பேரும் தரையில் கிடந்தார்கள். ஆறு பேர் எழுந்தார்கள். முதலாவதாக வந்த சான்ட்ரா, வழுக்கிக்கொண்டே போய், வாய்க்கால் மதகின் சிமெண்டுச் சுவரில் இடுப்பு மோதி, அங்கேயே கிடந்தாள். நினைவு இருந்தது, அதனால்தான் அவ்வளவு அலறல்.

ஆம்புலன்ஸ் போன பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். ஓரத்துச் சாணநீரைப் பூட்ஸ் முனையால் தேய்த்துப் பார்த்தார்.

“ரோட்டுல இதை ஊத்துனது யாரு?”

கூட்டம் பின்வாங்கியது. ராஜாத்தி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள். அவளுடைய விரல்களில் நீலப் பொடி ஒட்டியிருந்தது. “நாந்தாங்க. பிள்ளைங்க வருதேன்னு…”

“வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்ட. பேரைச் சொல்லு. வீட்டுல ஆம்பள யாரு இருக்கா?”

“அவரு இல்லீங்க. செத்துப் போயிட்டாரு.”

தியாகராசன் ஜெயபாரதியின் முழங்கையைத் தொட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார். கெட்ட மனிதர் அல்லர். அவருடைய முகமும் வெளிறித்தான் இருந்தது.

“இங்க பாருங்க மேடம். ஊர்க்காரங்க ரோட்டுல இடைஞ்சல் பண்ணிட்டாங்கன்னு வழக்கு பதிவானா, பந்தயம் நடத்தினவங்க மேல தப்பு வராது. நானும் அப்படியே எழுதிடுவேன். ஏற்பாடு நல்லா இருந்துச்சு, வெளி ஆளுங்களால விபத்துன்னு. உங்க பந்தயம் பிழைச்சுக்கும். நீங்க எதுவும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா நின்னாலே போதும்.”

சும்மா நிற்பது எவ்வளவு எளிது என்று அவள் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருந்தார். ராஜாத்தி தன் தகப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காதர் மைதீன் ஜீப்பின் மேல் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தானாக எதையும் சொல்ல மாட்டார். ஐம்பது பேர் ஓட்டும் அடுத்த தை, கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இன்னும் நின்றது. அதை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. மனமில்லாமலேயே அவள் நடந்துபோனாள்.

“சார், அந்த அம்மா பேரை எழுதாதீங்க.”

“ஏன்?”

“வழி பாக்குற வேலை என்னோடது. பிள்ளைங்களுக்கு முன்னாடியே நான் இதைக் கடந்து போனேன். தண்ணியைப் பாத்தேன். ஜீப்பு வழுக்குச்சு. பந்தயத்தை நிறுத்த வயர்லெஸ் என் மடியில இருந்துச்சு. நிறுத்தலை.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “ஏன் நிறுத்தலை?”

“கோலம் நல்லா இருந்துச்சு” என்றாள் ஜெயபாரதி. அதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை.

“இப்படிச் சொன்னா வழக்கு உங்க மேலதான் வரும். கவர்மெண்டு வேலையில வேற இருக்கீங்க.”

“தெரியும் சார்.”

தியாகராசன் கார்க் கதவைத் திறந்தார். “அப்ப ஏற்பாட்டுலதான் தப்புன்னு நானும் எழுதணும் மேடம்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ராஜாத்தி நன்றி சொல்லவில்லை; நன்றிக்குரியது ஏதோ நடந்ததாக அவளுக்குத் தோன்றியிருக்காது. புதுப்புடவையின் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “அந்தப் பிள்ள நடக்குமா? சொல்லுங்களேன், நடக்குமா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடப்பாள் என்று மறுநாள் தஞ்சை மருத்துவமனையில் மருத்துவர் சொன்னார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மாதங்கள் கழித்து, ஊன்றுகோலோடு. சைக்கிளைப் பற்றி ரெமிஜியஸ் கேட்டபோது, மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

ஜெயபாரதி உள்ளே போனபோது சான்ட்ரா விழித்திருந்தாள். “கோலத்தை மிதிக்க மனசு வரலக்கா” என்றாள். “நேராப் போயிருந்தா தப்பிச்சிருப்பேனோ என்னவோ. ஓரமா ஒடிச்சிட்டேன்.”

“நானும் அதைத்தான் டிரைவர்கிட்ட சொன்னேன்.”

பிறகு ஜெயபாரதி எல்லாவற்றையும் சொன்னாள். ஜீப் வழுக்கியதை, கையை ஆட்டியதை, இன்ஸ்பெக்டரிடம் பேசியதை. சான்ட்ரா கண்ணை மூடாமல் கேட்டாள்.

“அப்ப அடுத்த வருஷம்?”

“இல்ல.”

“அதுக்கடுத்த வருஷம்?”

ஜெயபாரதி இல்லையென்று தலையசைத்தாள்.

“இடுப்பு போனது போச்சு” என்றாள் சான்ட்ரா. குரல் ஏறவில்லை, அதுதான் கேட்கச் சகிக்காமல் இருந்தது. “எனக்கப்புறம் வர்றவளுகளாவது அந்த ரோட்டுல ஓட்டுவாளுகன்னு ராத்திரி பூரா நெனச்சிட்டுக் கெடந்தேன். அதைப் பிடிச்சிட்டுத்தான் கெடந்தேன். நீங்க உண்மை பேசி அதையும் முடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க. அந்தம்மா நாலு நாளு ஸ்டேஷனுக்கு அலைஞ்சிருந்தா என்னக்கா குறைஞ்சிருக்கும்?”

“ஏய், மரியாதையாப் பேசு” என்றார் ரெமிஜியஸ், ஜன்னலோரத்திலிருந்து. ஆனால் அவரும் ஜெயபாரதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

“அவ கேக்கட்டும்” என்றாள் ஜெயபாரதி. “அந்த இடத்துல வாயைத் திறக்காம நிக்க முடியல, சான்ட்ரா. அவ்வளவுதான்.”

“போங்கக்கா.”

“நாளைக்கு வர்றேன்.”

“வராதீங்க.”

சான்ட்ரா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுக்க முயன்றாள். காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த எடைகள் அவளைத் திரும்ப விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.